வங்கிக்கு வைத்த ஒரு ரூபா

சாவகச்சேரியில் உள்ள வங்கியொன்றின் கடன் பகுதியில் இருந்த பெண், கணினித் திரையை என் பக்கம் திருப்பலாமா என்று சற்று யோசித்தாள். பிறகு திருப்பாமலே சொன்னாள்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. உங்கடை பேரிலை ஒரு நிலுவை காட்டுது."

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வேறு ஐயா யாரும் இல்லை.

"என்ரை பேரிலையோ?"

"ஓம் ஐயா. யாழ்ப்பாணத்திலை வேறை பாங்க் ஒண்டிலை எடுத்த கடனட்டை. கன காலமாக் கட்டாமல் கிடக்கு. உங்களைப் பிணையாளியாப் போட ஏலாது."

என் பக்கத்தில் இருந்தவள் மைத்துனி, மனைவியின் தங்கை. கடன் அவளுக்கு. பிணைக் கையெழுத்து வைக்கத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் இருந்த விண்ணப்பக் கோப்பை மெல்ல மூடினாள்.

"அக்காவுக்குத் தெரியுமோ அத்தான்?"

"என்னது?"

"நீங்கள் கடன்காரன் எண்டு."

"எனக்கே இப்பதான் பிள்ளை தெரியும்."

கடன் பகுதிப் பெண் சிரிப்பை அடக்குவதற்காக, இல்லாத கடதாசி ஒன்றை மேசைக்குக் கீழே தேடினாள்.

எங்கள் பக்கத்தில் அரசாங்க உத்தியோகத்தருக்கு இரண்டு கடமைகள் உண்டு. காலையில் வரவுப் பதிவில் கையெழுத்து வைப்பது ஒன்று. அடுத்தவரின் கடனுக்குக் கையெழுத்து வைப்பது மற்றது. முதலாவதைப் பிந்திச் செய்தால் மன்னிப்பு உண்டு. இரண்டாவதை மறுத்தால் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் இருக்க வேண்டிவரும். நான் ஒரு திணைக்களத்தில் மொழிபெயர்ப்பாளன். ஆங்கிலத்தில் விளங்காத சுற்றுநிருபங்களைத் தமிழிலும் விளங்காமல் செய்வது என் தொழில். இத்தனை வருட உத்தியோகத்தில் யாரும் என்னிடம் பிணைக் கையெழுத்துக் கேட்டதில்லை. வாசிக்கிற ஆள், எதையும் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்காது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையால்தான், மைத்துனி எல்லாரையும் கேட்டுக் களைத்துக் கடைசியாக என்னிடம் வந்தபோது, எவரும் கைவைக்காத பிணையாளியாக நான் இருந்தேன். அவளுக்கு இரண்டு பேர் வேண்டும். கூடப் படித்த ரீச்சர் ஒருத்தி ஒப்புக்கொண்டுவிட்டாள். மற்றது நான்.

மைத்துனி மிளகாய்த்தூள் செய்து விற்கிறவள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் வீட்டில் வறுத்து, மில்லில் திரித்து, பைக்கற் பண்ணிக் கடைகளுக்குக் கொடுப்பாள். லண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் போகிறவர்களின் சூட்கேசில் இரண்டு கிலோ இல்லாமல் ஒரு விமானமும் எழும்புவதில்லை என்பது அவளுடைய கணக்கு. அவளுடைய கணவர் நல்ல மனிதர். எந்தக் கிணற்றடியில் தண்ணீர் மோட்டர் பழுதானாலும் போய்த் திருத்திக் கொடுத்துவிட்டு, காசு கேட்க மறந்து வருபவர். வீடு தூளில்தான் ஓடுகிறது.

அவள் திரிக்கிற மில்லின் சொந்தக்காரர் கனடாவுக்கு மகனிடம் போவதற்கு நின்றார். மில்லை விற்கப்போவதாகச் சொன்னார். கொடிகாமத்து வியாபாரி ஒருவர் கேட்டு வந்திருந்தார். அவருக்கு இயந்திரம் மட்டும்தான் தேவை. கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். போனால் மைத்துனி மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே வரிசையில் நின்று, அரிசி மா திரித்த சூட்டோடு அவளுடைய தூளையும் திரித்துத் தருவார்கள். ஒரு தடவை அப்படி நடந்து, லண்டனிலிருந்து "உதென்ன, பிட்டோ தூளோ?" என்று தொலைபேசி வந்தது. ஆகவே தானே வாங்குவதென்று முடிவெடுத்து, பத்தாயிரத்து ஒரு ரூபா அச்சாரமும் கொடுத்திருந்தாள். நல்லூர்த் தேருக்கு முதல் மிச்சக் காசு வர வேண்டும் என்பது பேச்சு. திருவிழாவுக்குக் கொடியேறி ஒரு கிழமை ஆகியிருந்தது, தேருக்கு இரண்டு கிழமை சொச்சம்தான் இருந்தது.

வெளியே வந்து அவள் ஸ்கூட்டியில் ஏறும்போது கேட்டாள்:

"மெய்யா அத்தான், உந்தக் கிரெடிற் காட்டாலை என்ன வாங்கினியள்?"

"புத்தகம்."

"அக்கா கேட்டால் அதை மட்டும் சொல்லாதேங்கோ. குடிச்சனான் எண்டு சொல்லுங்கோ, மன்னிப்பா."

அந்த அட்டை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பட்டணத்தில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில், கழுத்துப் பட்டி கட்டிய பெடியன் ஒருவன் அலுவலகத்துக்கு வந்தான். கடனட்டை எடுத்தால் பயணப் பை ஒன்று இலவசம் என்றான். படிவத்தை அவனே நிரப்பினான். மின்னஞ்சல் முகவரி வேண்டுமாம், அதையும் அவனே உருவாக்கினான். அதன் கடவுச்சொல் அவனுக்கு மட்டும் தெரியும். அவன் இப்போது பிரான்சில் என்று கேள்வி. பையின் ஸிப் அந்தக் கிழமையே போய்விட்டது. அட்டையால் கொழும்பில் சில புத்தகங்களும், வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். பிறகு சொந்த வீட்டுக்கு வருகிற நேரம், தேவையில்லாத சாமான்களைக் கழிக்கும் உற்சாகத்தில் யாழ்ப்பாணக் கிளைக்குப் போய் இதை மூடுங்கள் என்றேன். மிச்சத்தைக் கட்டினேன். அங்கிருந்த பெண் என் கண் முன்னாலேயே அட்டையைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டினாள். தூரத்து உறவுச் செத்தவீட்டுக்குப் போய்வந்தவனைப்போலக் கொஞ்சம் கவலையோடும் கூடுதலான நிம்மதியோடும் வீட்டுக்கு வந்தேன்.

அதன்பிறகு வங்கி என்ன எழுதியிருந்தாலும் அது அந்த வாடகை வீட்டுக்கும், பிரான்சுக்குப் போனவனின் கடவுச்சொல்லுக்குள்ளும்தான் போயிருக்கும். தொலைபேசிக்குக் குறுஞ்செய்திகள் வந்ததுண்டு. பெந்தோட்டை விடுதிகளில் விலைக் கழிவு, கிறிஸ்மஸ் கேக்கில் கழிவு என்று. இலக்கியத் தரம் போதாதென்று அந்த இலக்கத்தைத் தடுத்து வைத்திருந்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்படாமல் இருப்பது இன்னும் பெரிய விஷயம் ஒன்று வரப்போகிறது என்பதற்கு அடையாளம்.

"இஞ்சாருங்கோ, எவ்வளவு காசு?"

"தெரியேல்லை."

"ஆரிட்டைக் கேக்கிறது?"

"கொழும்புக்குப் போன் பண்ணிக் கேக்கட்டாம்."

"அப்ப பண்ணுங்கோ. தங்கச்சி உங்களை நம்பித்தான் அச்சாரம் குடுத்தவள்."

பண்ணினேன். சிங்களத்துக்கு ஒன்றை அழுத்துக, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. தொழில் விசுவாசத்தால் இரண்டை அழுத்தினேன். ஒரு பியானோ வந்தது. மதியச் சாப்பாடு ஆறும்வரை அதைக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல். மலையகத்துப் பிள்ளை என்று முதல் வசனத்திலேயே தெரிந்தது.

"வணக்கம் சார், சொல்லுங்க சார்."

"பிள்ளை, நான் மூடின கணக்கொண்டு உயிரோடை இருக்காம்."

"கண்டிப்பா பாக்கலாம் சார். அதுக்கு முன்னாடி பாதுகாப்புக்காக ஒரு கேள்வி கேக்கணும். உங்களுக்குப் புடிச்ச சாப்பாடு என்ன சார்?"

"ஒடியல் கூழ்."

"இல்லைங்க சார்."

"என்ன இல்லை? எனக்குப் பிடிச்சது எனக்குத் தெரியாதோ?"

"நீங்க படிவத்துல வேற எழுதியிருக்கீங்க சார். இன்னும் ரெண்டு தடவை சொல்லலாம்."

அந்தக் கழுத்துப் பட்டிப் பெடியன் என் பெயரில் எதைச் சாப்பிட்டிருப்பான் என்று யோசித்தேன். "பிரியாணி" என்றேன். இல்லை. மனைவி அடுப்படியிலிருந்து "கொத்து ரொட்டி எண்டு சொல்லிப் பாருங்கோ" என்றாள். அதுவும் இல்லை.

"மன்னிச்சுக்குங்க சார். சிஸ்டம் பூட்டிருச்சு. நீங்க கிளைக்கே போயிருங்க சார்." உண்மையாகவே வருத்தப்பட்டாள். வைக்கும் முன் குரலைத் தணித்து, "எனக்கும் கூழ் புடிக்கும் சார்" என்றாள்.

கிளைக்குப் போவதற்குப் பதிலாக நான் கடிதம் எழுதினேன். எழுதத் தெரிந்தவனின் வியாதி அது. மூன்று பக்கம். நவீன மனிதனுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உறவைப் பற்றிய ஒரு பந்தியும் அதில் இருந்தது. பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, தடுத்து வைத்திருந்த இலக்கத்தையும் திறந்துவிட்டேன். நாலாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் பெறுமதிமிக்க பின்னூட்டத்துக்கு நன்றி." அடுத்த நாள் இன்னொன்று வந்தது. நிலுவையை உடனடியாகச் செலுத்தவும்.

மைத்துனி கடிதத்தின் பிரதியை வாங்கி வாசித்துப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு அத்தான். ஆனால் இதை வாசிக்கிற ஆளுக்கு நீங்கள் முறைப்பாடு செய்யிறியளோ, கதைப் போட்டிக்கு அனுப்பியிருக்கிறியளோ எண்டு விளங்காது."

அடுத்த திங்கள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் போனோம். நான் பேருந்தில், அவள் ஸ்கூட்டியில். மனைவி என் கைப்பையில் நாற்பதாயிரம் ரூபாவை ஒரு பழைய கல்யாண அழைப்பிதழ் உறையில் வைத்துத் தந்திருந்தாள். "கட்டுறதெண்டால் கட்டிப்போட்டு வாங்கோ. மானம் போகாமல் வந்தால் காணும்" என்பது கட்டளை.

கிளை முகாமையாளர் என் வயதுக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற வகை. அடையாள அட்டையைப் பார்த்தார், விரலால் இரண்டு தரம் தட்டினார், நாலைந்து பக்கம் அச்செடுத்தார். பென்சிலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தார். முதல் பக்கத்திலேயே நின்றார்.

"ஐயா, அண்டைக்கு நீங்கள் கட்ட வேண்டின மிச்சம் பதினெண்ணாயிரத்து அறுநூறு."

"ஓம்."

"நீங்கள் கட்டினது பதினெண்ணாயிரத்து அறுநூற்றி ஒண்டு."

"ஓம்."

"அந்த ஒரு ரூபா ஏன் ஐயா?"

மைத்துனி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த வட்டி வீத அட்டவணையைப் பார்த்தேன்.

ராகுகாலம் பார்க்காதவன் நான். என் கல்யாணத்துக்குச் சாதகப் பொருத்தம் பார்க்கக் கூடாதென்று சண்டை பிடித்து, பிறகு ஐயரும் அப்பாவும் இரகசியமாகப் பார்த்துத் திருப்திப்பட்டதைத் தெரிந்தும் தெரியாததுபோல இருந்தவன். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டுவிட்டுப் போகிறவன். ஆனால் சைபரில் முடிகிற தொகையை இன்னொருவர் கையில் கொடுக்க என் கைக்குத் தெரியாது. கல்யாணமோ சாமத்தியவீடோ புதுவீடு குடிபூரலோ, ஐநூறு என்றால் ஐநூற்றி ஒன்று, ஆயிரம் என்றால் ஆயிரத்து ஒன்று. அந்த ஒன்று எதற்கு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இதோடு முடியாமல் தொடரட்டும், பெருகட்டும் என்பதற்கு. அன்றைக்கும் கை பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவி ஒரு ரூபா நாணயக் குத்தியை எடுத்து நோட்டுகளுக்கு மேலே வைத்திருக்கிறது. காசாளர் "ஒரு ரூபா கூட இருக்கு" என்று சொன்னதும், "இருக்கட்டும் பிள்ளை" என்று பெருந்தன்மையாகச் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தன. ஒன்றை முடிக்கப் போன இடத்தில், தொடரட்டும் பெருகட்டும் என்று வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

முகாமையாளருக்கு நான் விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவரும் சைவவீட்டுப் பிள்ளைதான்.

"விளங்குது ஐயா. நானெண்டாலும் அப்பிடித்தான் வைச்சிருப்பன். ஆனால் சிஸ்டத்துக்கு விளங்காதெல்லோ. அந்த ஒரு ரூபா உங்கடை கணக்கிலை வரவாக் கிடந்திருக்கு. வரவு கிடக்கிற கணக்கைச் சிஸ்டம் மூடாது. மூடாத கணக்குக்கு வருசக் கட்டணம் விழும். முதல் வருசம் உங்கடை ஒரு ரூபாவைக் கழிச்சுப்போட்டுத்தான் அடிச்சிருக்கு."

"நாணயமான சிஸ்டம்."

"பேந்து கட்டணம் கட்டாததுக்குத் தண்டம். தண்டத்துக்கு வட்டி. அடுத்த வருசக் கட்டணம். அதுக்கும் தண்டம்."

"அப்ப பெருகியிருக்கு" என்றாள் மைத்துனி.

"நல்லாப் பெருகியிருக்குத் தங்கச்சி. முப்பத்தெண்ணாயிரம் சொச்சம்."

எத்தனையோ கல்யாண வீடுகளில் நான் ஒரு ரூபா வைத்திருக்கிறேன். அந்தத் தம்பதிகள் யாரும் இப்படிப் பெருகியதாகத் தெரியவில்லை.

முகாமையாளர் நல்லவர். ஒரு வழி சொன்னார். அரைவாசியைக் கட்டினால் மிச்சத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கொழும்புக்கு எழுதலாம். அன்றைக்கே முடித்துவிடலாம். என் கை கல்யாண உறையை நோக்கிப் போனது.

"கட்டினால் இவரைப் பிணையாளியா எடுப்பினமோ?" மைத்துனி கேட்டாள்.

"அதைச் சொல்லேலாது தங்கச்சி. கடன் பதிவிலை, கட்டாமல் விட்டுப் பேந்து பேரம்பேசித் தீர்த்த ஆள் எண்டுதான் கிடக்கும். மற்றப் பாங்க் அதைப் பாத்தால் கொஞ்சம் யோசிக்கும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"வருசக்கணக்கிலை."

அவள் கையில் இருந்த கோப்பை மட்டும் மறுபடி மூடினாள். சாவகச்சேரியில் மூடியது போலவே.

எனக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் ஓர் அடிக்குறிப்பின் அளவுக்குத்தான் வரும். அன்றைக்குச் சற்றுப் பெரிய எழுத்தில் வந்தது.

"அட்டையை வெட்டினது ஆர்?"

"எங்கடை ஆள்தான். குறிப்பு இருக்கு."

"ஏன் வெட்டினவை?"

"நீங்கள் மூடச் சொன்னபடியால்."

"மூடச் சொன்ன ஆளின்ரை காசு கூட இருந்தால் என்ன செய்ய வேணும்?"

முகாமையாளர் நெற்றியில் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்தார். "திருப்பிக் குடுத்துப்போட்டு மூட வேணும்."

"குடுத்தவையோ?"

"இல்லை."

"அப்ப இவ்வளவு காலமும் என்ரை ஒரு ரூபாவை வைச்சிருந்தது நீங்கள். எனக்குத் தள்ளுபடி வேண்டாம். என்ரை ரூபாவைத் தாங்கோ."

சுற்றுநிருபங்களில் 'கடன்கொடுத்தோன்' என்ற சொல்லை எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அது நானாக இருக்கக்கூடும் என்று அதுவரை தோன்றியதில்லை. மைத்துனி என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அதைக் கெடுத்தாள்.

"ஐயா, கெதியா எழுதி வாங்குங்கோ. இவருக்கு இந்த ரோசம் பின்னேரம் மட்டும் நிக்காது."

முகாமையாளர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "ஒரு பக்கத்திலை எழுதுங்கோ ஐயா. கொழும்பிலை உங்கடை மூண்டு பக்கக் கடிதத்தை ஒருத்தரும் ரெண்டாம் பக்கத்துக்குத் திருப்பேல்லையாம்."

ஆறு வரி எழுதினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கடினமாக எதையும் எழுதியதில்லை. எந்தப் பெயரடையும் இல்லை. நான் மூடச் சொன்னேன், அட்டையை வெட்டினீர்கள், ஒரு ரூபாவைத் திருப்பித் தரவில்லை, அதனால் விழுந்த கட்டணங்கள் உங்களுடையவை, பதிவைத் திருத்துங்கள், ரூபாவைத் தாருங்கள். கடைசியில் ஒரு வரி இடம் விட்டு, 'பிரதி' என்று எழுதி, வங்கிகள்மீதான முறைப்பாடுகளைக் கேட்கிற கொழும்பு அலுவலகத்தின் பெயரை அதற்குப் பக்கத்தில் எழுதினேன். அரச சேவையில் நான் கற்ற ஒரே வித்தை இது. கடிதத்தின் முழுப் பலமும் 'பிரதி' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முகாமையாளர் மேலே இருந்ததை ஒருமுறையும் அந்த வரியை இரண்டுமுறையும் வாசித்தார்.

"இதை உண்மையா அனுப்பப் போறியளோ?"

"நீங்கள் முதல் அனுப்பினால் நான் பிந்தி அனுப்புவன்."

"இண்டைக்கே அனுப்புறன் ஐயா."

அவர் அன்றைக்கே அனுப்பினார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் கொழும்பு என்பது நாங்கள் அவசரப்படும்போது தூரம் கூடுகிற ஊர். கிழமை ஒன்று போனது. நல்லூரில் தேர் இழுத்தார்கள். வீதி நிறையச் சனம், கச்சான் கடலைக் கடை, ஐஸ்கிரீம். மனைவி தேர் பார்க்கப் போனாள். மைத்துனி வரவில்லை. அடுத்த நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அத்தான், பரவாயில்லை. விடுங்கோ. பட்டணத்திலை திரிப்பிக்கலாம்."

பகிடி ஒன்றும் விடவில்லை. கடன்காரன் என்றும் சொல்லவில்லை. அவள் என்னை மரியாதையாக நடத்தியதை எனக்குத் தாங்க முடியவில்லை. அன்று முழுவதும் ஒரு சுற்றுநிருபத்தின் ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

தேர் முடிந்து மூன்றாம் நாள் முகாமையாளர் அழைத்தார். கொழும்பு ஒப்புக்கொண்டுவிட்டது. கட்டணம், தண்டம், வட்டி எல்லாம் நீக்கியாயிற்று. பிழை வங்கியினுடையது என்று கடிதம் தருவார்கள், கடன் பதிவையும் திருத்துவார்கள். ஒரு நிபந்தனை. கணக்குச் சைபருக்கு வர வேண்டும். நான் நேரில் வந்து என் ஒரு ரூபாவை எடுக்க வேண்டும்.

போனேன். பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தேன். காசாளர் பெண் இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள், கிண்டினாள், பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு ரூபாக் குத்தி இல்லை. இப்ப ஆரும் கொண்டு வாறேல்லை. ரெண்டு ரூபா தரட்டோ?"

"வேண்டாம்!" உள்ளே கண்ணாடி அறையிலிருந்து முகாமையாளர் எழுந்தே விட்டார். "ரெண்டு ரூபா குடுத்தால் பேந்து ஐயா எங்களுக்கு ஒரு ரூபா கடன்!"

"அப்ப நான் விட்டிட்டுப் போறன்" என்றேன்.

"ஐயோ, விட்டிட்டுப் போகாதேங்கோ! அதாலைதானே இவ்வளவும்!"

வரிசையில் நின்றவர்கள் தங்கள் பைகளைத் தடவினார்கள். ஐந்து ரூபா இருந்தது, பத்து ரூபா இருந்தது. ஒரு ரூபா ஒருவரிடமும் இல்லை. வாசலில் நின்ற காவலாளி எதிர்த் தேநீர்க் கடையில் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார். நாட்டில் இத்தனை வங்கிகள் இருந்தும் ஒரு ரூபா இல்லை. கடைசியில் முகாமையாளர், சுவரில் மாலை போட்டிருந்த லட்சுமி படத்தடிக்குப் போனார். வெள்ளிக்கிழமைப் பூசைத் தட்டத்தில், காய்ந்த பூவுக்குக் கீழே ஒன்று இருந்தது. எடுத்தார். வெறுந்தட்டமாக விட மனமில்லாமல் தன் பையிலிருந்து ஐந்து ரூபாவை அங்கே வைத்தார். லட்சுமிக்கு நாலு ரூபா லாபம். குங்குமம் ஒட்டிய அந்தக் குத்தியைக் காசாளர் எனக்குத் தர, கணக்குச் சைபருக்கு வந்தது. முகாமையாளர் திரையைத் திருப்பி எனக்குக் காட்டினார். இந்த முறை யாரும் தயங்கவில்லை.

கடிதத்தை வாங்கிக்கொண்டு நேரே சாவகச்சேரிக்குப் போய், மைத்துனியையும் கூட்டிக்கொண்டு மில்லடிக்குப் போனேன். இயந்திரம் போயிருக்கும் என்றுதான் இருவரும் நினைத்தோம். கேட்பதற்கு அவளுக்குப் பயம், அதனால் நான் முன்னால் நடந்தேன். உள்ளே மா புகைந்துகொண்டிருந்தது. இயந்திரம் இருந்த இடத்தில் இருந்தது. சொந்தக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு யாருக்கோ உழுந்து உடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கொடிகாமத்தார் வரேல்லையோ?" மைத்துனி கேட்டாள்.

"ரெண்டு தரம் வந்தவர். லொறியும் கொண்டு வந்தவர். நீ சொன்னதுக்கு மேலை அம்பதாயிரம் போட்டுத் தாறன் எண்டவர்."

"பேந்து ஏன் குடுக்கேல்லை?"

அவர் பெல்ற்றை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் அவருடைய குரல் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

"நீ பத்தாயிரம் தந்திருந்தால் திருப்பிக் குடுத்துப்போட்டு என்ரை அலுவலைப் பாத்திருப்பன். நீ பத்தாயிரத்து ஒண்டெல்லோ தந்தனி. ஒண்டு வைச்சுத் தந்ததை எப்பிடியடி பிள்ளை திருப்பித் தாறது?" பிறகு, நேர்மையான மனிதர் என்பதால், "மகனும் டிக்கெற்றைப் பிந்திப் போட்டிட்டான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மைத்துனி என் பக்கம் திரும்பினாள். ஒரே பழக்கம் எனக்கு முப்பத்தெண்ணாயிரம் கடனையும் அவளுக்கு ஒரு மில்லையும் கொண்டுவந்தது எப்படி என்பதை, எந்தத் தத்துவ நூலை வைத்து விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அந்தக் கவலை இல்லை.

"பாத்தியளோ அத்தான். வைக்கிற இடத்திலை வைக்க வேணும்."

"எந்த இடம் எண்டு பாங்க்காரர் அறிவித்தல் போட்டு வைச்சால் நல்லம்."

"போட்டால் மட்டும் வாசிக்கவா போறியள்?"

பகிடி திரும்பி வந்துவிட்டதில் எனக்கு உண்மையாகவே ஆறுதல்.

சாவகச்சேரி வங்கியில் அதே கடன் பகுதிப் பெண் கடிதத்தை வாசித்தாள். பதிவு திருத்தப்பட்டுவிட்டதா என்று பார்க்கச் சில நாள் எடுத்தது. பிறகு என்னை அழைத்து, ஆறு இடத்தில் கையெழுத்து வாங்கினாள். ஒவ்வொரு பக்கத்தையும் நான் வாசித்துத்தான் வைத்தேன். மைத்துனி கொட்டாவி விட்டாள். ஆவணச் செலவுக்குக் காசு கட்டும்போது நோட்டுகளுக்கு மேல் ஒரு குத்தியை வைக்க அவள் கை போனது. நானும் அந்தப் பெண்ணும் ஒரே நேரத்தில் "வேண்டாம்!" என்றோம். யாழ்ப்பாணத்துக் கதை சாவகச்சேரிக்கு எனக்கு முதலே வந்து சேர்ந்திருந்தது.

மில் கைமாறிய பிறகு, நல்ல நாள் பார்த்துத் தொடங்கினாள். முதல் ஆளாக நான்தான் வர வேண்டும் என்று பிடிவாதம். கடன்காரப் பட்டத்தைக் கழற்றிவிட்டு வந்த கை ராசியான கையாம். மனைவி வறுத்துத் தந்த செத்தலையும் மல்லியையும் கொண்டுபோனேன். திரித்து முடியும்வரை தும்மிக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் கூலி சொன்னாள்.

"இருநூறு ரூபா. அத்தான் எண்டு ஒரு சதமும் குறைக்க மாட்டன்."

இருநூறைக் கொடுத்தேன். அவள் உள்ளங்கையை மூடவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"முதல் வியாபாரம் அத்தான். ஒண்டு வையுங்கோ."

என் பணப்பையின் மூலையில் குங்குமக் கறையோடு அந்தக் குத்தி கிடந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மில்லை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். இயந்திரம், பெல்ற், தராசு, பிள்ளையார் கலண்டர், தூள் சாக்கு. கணினி எதுவும் கண்ணில் படவில்லை.

வைத்தேன்.